அம்மா எதில் செத்தவ

நாற்பது வருடமாக மற்றவர்கள் சொல்வதை வேறு மொழியில் சொல்லிப் பிழைக்கிறவள் நான். வெளிநாட்டவர் அலுவலகம், நீதிமன்றம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று ஜெர்மனியின் டோர்ட்மண்டில் நான் ஏறாத படி இல்லை. சத்தியம் செய்துகொடுத்த மொழிபெயர்ப்பாளர் என்பதற்கு என்னிடம் வட்ட முத்திரை இருக்கிறது. சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது, அறைக்குள் கேட்டதை வெளியே விடக் கூடாது. இதில் சந்திரகாந்தியை மிஞ்ச ஆளில்லை என்று எங்கள் சனம் சொல்லும். அந்த நல்ல பெயர்தான் என் கழுத்தைப் பிடித்து இதை எழுத வைக்கிறது. எழுதுவதற்குச் சிவமலர் அனுமதி தந்துவிட்டாள். "பேரைப் போட்டே எழுதுங்கோ அக்கா. ஒளிச்சது போதும்," என்றாள்.

சிவமலருக்கு அறுபது வயது. ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். அங்கே இருந்த முதியவர்களின் முகம் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் பெயர்த் துண்டுகளை வைத்துத்தான் ஆட்களைத் தெரியும். ஒரு பெயர் இரண்டு கிழமை கூடையில் வராவிட்டால் விஷயம் விளங்கிவிடும். "காந்தியக்கா, இந்த மாதம் மூண்டு சட்டை குறைஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். கல்நெஞ்சுக்காரி இல்லை. அழ வேண்டிய இடத்திலெல்லாம் பகிடி விட்டுவிட்டு ஓடிப்போகிற ஆள், அவ்வளவுதான்.

சிகரெட் தொட்டதில்லை. கல்யாண வீடுகளில் மற்றவர்கள் வைன் கிளாஸைத் தூக்கும்போது இவள் ஆப்பிள் சாற்றைத் தூக்குவாள். வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. வேலைக்குப் போய்வருவதே நடைதான். இப்படிப்பட்டவளுக்கு ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் புற்றுநோய் வந்தது. அதுவும் ஒரே நோய் திரும்பி வரவில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு இடங்களில், பதினாறு வருட இடைவெளியில், தனித்தனியாக முளைத்தவை. சனம் காரணம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் அல்லவா? சலவைத் தூள் என்றார்கள், மைக்ரோவேவ் என்றார்கள், கண்ணூறு என்றார்கள். சலவைத் தூளை நானும் கொஞ்சக் காலம் நம்பப் பார்த்தேன். உண்மைக் காரணம் எனக்கு எண்பத்தைந்திலிருந்தே தெரிந்திருந்தது.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தைந்து ஐப்பசியில் நாங்கள் இருவரும் ஒரே விமானத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். அவளுக்கு இருபது, எனக்கு இருபத்திரண்டு. கொழும்பு விமான நிலையத்தில் வரிசையில் நின்றபோதுதான் பழக்கம். தனியாக வருகிற பெட்டைகள் நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்பதால் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் ஒட்டிக்கொண்டோம். விமானத்தில் தேநீர் தந்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறமுன்னம் குடி," என்றேன்.

"அம்மா கடைசியில அரைக் கோப்பைதான் குடிப்பா அக்கா. அதோட வயிறு நிரம்பிட்டுது எண்டு வைச்சிடுவா. பட்டினி கிடந்தாலும் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டு வந்தது."

அவளுடைய தாய் எண்பத்து மூன்று கார்த்திகையில் இறந்தார். நாற்பத்து மூன்று வயது. சூலகத்தில் கட்டி. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில், கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஆடிக் கலவரம் நடந்த வருடம். தமிழர் கொழும்பிலிருந்து கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பப்பட்ட நேரத்தில், வருத்தக்காரியை ரயிலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோக யார் துணிவார்கள்? தாய் வீட்டில் கிடந்தே போனார். தாய்மாமன் அக்கம்பக்கத்துக்குக் குடல் வீக்கம் என்று சொன்னார். குமர்ப்பிள்ளை இருக்கிற வீடு, நோய்க் குடும்பம் என்று பெயர் வந்தால் யார் பெண் எடுப்பார்கள் என்ற பயம் அவருக்கு. உண்மை தெரிந்தவர்கள் மாமனும் அவளும் மட்டும். விமானத்தில் நான் மூன்றாவது ஆளானேன்.

இங்கே அகதி முகாமில் எங்களை விசாரிக்க முன்னர் எல்லோரும் 'கேஸ்' எழுதினார்கள். அகதி கோருகிறவர் அதிகாரியிடம் சொல்லப்போகிற கதைக்கு அதுதான் பெயர். எனக்கு எழுத வரும் என்பதால் முகாமில் பாதிப் பேருக்கு நான்தான் எழுதினேன். சிவமலரின் கேஸ் சப்பென்று இருந்தது. நோயில் தாயை இழந்தவளுக்கு எந்த நாடு அடைக்கலம் கொடுக்கும்? நான் பேனையை எடுத்தேன். தாய் எண்பத்து நான்கு மார்கழியில், வீட்டு முற்றத்தில், கடற்படை அடித்த ஷெல் விழுந்து இறந்தார் என்று எழுதினேன். எழுதி முடித்து வாசித்துக் காட்டியபோது அவள் கடைசி வரி வரை கேட்டாள். பிறகு, "கொழும்புக்குக் கொண்டுபோக ஏலாமப் போனது சண்டையாலதானே. அப்ப இது முழுப்பொய் இல்லை என்ன?" என்று கேட்டாள்.

"ஓம், முழுப்பொய் இல்லை," என்றேன்.

அதிகாரி கேட்டார், தாய் எப்படி இறந்தார் என்று. அவள் நான் எழுதியதைச் சொல்லி விம்மி விம்மி அழுதாள். அந்த அழுகை உண்மை. அவளுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஒரு பொய் அலுவலகக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டால் பரவாயில்லை. இது வீட்டுக்கு வந்துவிட்டது. எண்பத்தொன்பதில் சிறீதரன் என்ற வடமராட்சிப் பெடியனைக் கல்யாணம் முடித்தாள். நல்ல மனிதர், பேக்கரியில் வேலை. அவரிடமும் ஷெல் கதைதான். மாமன் தொண்ணூற்றாறில் இறந்த பிறகு மறுத்துச் சொல்ல ஊரில் ஆளில்லை. ஒவ்வொரு வருடமும் வைகாசி மாதத்தில் மண்டபம் எடுத்துப் போரில் இறந்தவர்களுக்கு விளக்கு ஏற்றுவோம். அந்த வரிசையில் சிவமலர் தாயின் படத்தைக் கொண்டுவந்து வைப்பாள். நான் பூ எடுத்துக் கொடுப்பேன். ஒரே மகள் ஆதிரை பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில், 'என் அம்மம்மாவும் ஷெல்லும்' என்று டொய்ச் என்கிற ஜெர்மன் மொழியில் ஒரு பேச்சுப் பேசி, ஆசிரியையை அழ வைத்துவிட்டு வந்தாள். அந்தப் பேச்சுக்குப் பிழை திருத்திக் கொடுத்ததும் நான்தான். கேஸ் எழுதினவளே பேச்சையும் திருத்திக் கொடுத்திருக்கிறேன், பாருங்கள்.

இரண்டாயிரத்து எட்டில் சிவமலரின் இடது மார்பில் கட்டி வந்தது. தாய் இறந்த அதே நாற்பத்து மூன்று வயது. கடையில் சாமான் வாங்குகிற டொய்ச் அவளுக்குப் போதும், டாக்டரிடம் என்றால் நான்தான் போக வேண்டும். டாக்டர் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். முதல் மாதவிலக்கு எப்போது, எத்தனை பிள்ளை, பால் கொடுத்தாரா, ஹோர்மோன் குளிசை எடுத்தாரா, புகைப்பாரா. பிறகு, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் அல்லது சூலகப் புற்றுநோய் உண்டா, தாய் எதில் இறந்தார் என்றார்.

நான் தமிழில் கேட்டேன். "மலர், அம்மா எதில செத்தவ எண்டு கேக்கினம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆறேழு வருடத்துக்கு முதல்தான் அவளுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்திருந்தது. பொய்க் கேஸ் பிடிபட்டு யாரோ ஒருவருக்குக் கடவுச்சீட்டைப் பறித்துவிட்டார்கள் என்று அந்த நாட்களில் ஒரு கதை உலாவியது. ஆஸ்பத்திரிக் கணினியும் அகதிக் கோப்பும் ஒரே வயரில் இருக்கிறது என்று எங்கள் சனத்தில் பாதி நம்பியது. அவளும் நம்பினாள்.

"சண்டையில எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

நான் "போரில்" என்று சொன்னேன். அவள் சொன்னதைச் சொல்வதுதானே என் வேலை. அப்படித்தான் பதினாறு வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கடவுச்சீட்டுப் பயம் அவளுக்கு. எனக்கு என் முத்திரையில் பயம். பொய்க் கேஸ் எழுதியவள் என்று வெளியே வந்தால் அடுத்த நாளே பறித்துவிடுவார்கள். ஒரு பெண்ணின் உயிரைவிட ஒரு ரப்பர் துண்டு எனக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

டாக்டர் படிவத்தில் ஒரு கட்டத்தில் கோடு இழுத்தார். குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்பதால் மரபணுச் சோதனை தேவையில்லை என்றார். சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு, ஐந்து வருடம் குளிசை. எல்லாவற்றையும் சிவமலர் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள். ஐந்தாவது வருடப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றதும் ஹம் நகரத்து அம்மன் கோயிலில் கற்பூரச்சட்டி எடுத்தாள். "வந்தது போட்டுது. இனி எனக்கு இன்சூரன்ஸ் போட்ட மாதிரி," என்று சிரித்தாள். ஒரு தரம் வந்தவருக்கு இன்னொன்று வராது என்று எங்களில் கனபேர் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. இளம் வயதில் மார்பில் வந்தவருக்கு, அதுவும் குடும்பத்தில் இருந்தால், மற்ற மார்பையும் சூலகத்தையும் யாராவது காவல் காக்க வேண்டும். காவல் வைக்க வேண்டியவர்களிடம் நாங்கள் ஷெல் கதை சொல்லியிருந்தோம்.

போன வருடத்துக்கு முதல் வருடம் மார்கழியில் அவள் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி ஊற்றினாள். கதைத்துக்கொண்டே பாதி குடித்தாள். பிறகு கோப்பையை மேசையில் வைத்துத் தள்ளினாள்.

"என்ன, ஆறிட்டுதோ?"

"இல்லை அக்கா. இப்ப கொஞ்ச நாளா அரைக் கோப்பையோட வயிறு நிரம்பிடுது. வாயுவாக்கும். காற்சட்டையும் இறுக்குது, ஆதிரை என்னைக் குண்டம்மா எண்டுறாள்."

அந்த வசனத்தை நான் விமானத்தில் கேட்டிருக்கிறேன். அவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. அல்லது வந்தும், என்னைப் போல வாயை மூடிக்கொண்டிருந்தாளோ தெரியாது. "நாளைக்கே டாக்டரிட்டப் போ," என்றேன். "நத்தார் முடியட்டும்," என்றாள். நத்தார் முடிந்து, புதுவருடம் முடிந்து, பொங்கலும் முடிந்துதான் போனாள்.

வயிற்றைத் திறந்து சூலகங்களை எடுத்தார்கள். அதற்குள் அது குடலைச் சுற்றியிருந்த சவ்வுவரை போயிருந்தது. டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, இது பழைய நோய் திரும்பி வந்தது அல்ல, புதியது, வேறு என்றார். நான் சொன்னேன். சிவமலரின் முகம் மலர்ந்தது. "அப்ப பழசு திரும்பி வரேல்லைத்தானே? அம்மாளாச்சி," என்று கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேனா என்று. சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்.

இந்தத் தரம் குடும்பக் கதை எதுவும் தேவைப்படவில்லை. சூலகத்தில் வந்தாலே இப்போது மரபணுவைப் பார்க்கிறார்கள். இரத்தம் எடுத்தார்கள். அதற்கு நாங்கள் கேஸ் எழுதிக் கொடுக்க முடியாது.

மறுமொழி வைகாசியில் வந்தது. மண்டபத்தில் விளக்கேற்றி மூன்றாம் நாள். மரபணு டாக்டர் வேறொரு பெண். எங்களுக்கு முன்னால் வெள்ளைத் தாளில் குடும்ப மரம் கீறினார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்பினார். சிவமலரின் வட்டம் முழுக்கக் கறுப்பு. அதற்கு மேலே தாயின் வட்டம் வெறுமையாக இருந்தது. இறந்துவிட்டார் என்பதற்கு ஒரு கோடு மட்டும் குறுக்கே இழுத்து, பக்கத்தில் 'போர்' என்று எழுதினார். கீழே ஆதிரையின் வட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டார்.

மரபணுவில் பிழை இருக்கிறது, தாய் வழியாகவோ தகப்பன் வழியாகவோ வந்திருக்க வேண்டும் என்றார். மகளுக்கு இருக்க, இல்லாமல் போக, பாதிக்குப் பாதி. இருந்தால் பயப்படத் தேவையில்லை, வருடாவருடம் எம்ஆர்ஐ எடுக்கலாம், காலத்தோடு சூலகத்தை எடுக்கலாம், ஆனால் அவருக்குத் தெரிய வேண்டும் என்றார். "மகளை நான் நேரடியாக அழைக்கச் சட்டம் விடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். இந்த மாதமே சொல்லுங்கள்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாவம், அவர் அந்த வெறும் வட்டத்தைப் பேனையால் தட்டிக்கொண்டே இன்னொன்றையும் சொன்னார். உங்கள் அம்மா இளமையில் போரில் இறந்ததால் எங்களுக்கு ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அவருக்கு இந்த நோய் இருந்து அது எங்களுக்குத் தெரிந்திருந்தால், இரண்டாயிரத்து எட்டிலேயே உங்களைச் சோதித்திருப்போம். சூலகத்தை அப்போதே எடுத்திருக்கலாம். இந்த இரண்டாவது அநேகமாக வந்தே இருக்காது.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். என் தொழிலில் முதல் தடவையாக ஒரு வசனத்தை என்னால் தொடங்க முடியவில்லை.

"வேண்டாம் அக்கா," என்றாள் சிவமலர். "விளங்கிட்டுது."

வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்தோம். கீமோவில் தலைமயிர் கொட்டி, சால்வை கட்டியிருந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "நீங்கள் எழுதினீங்கள், நான் சொன்னன். கணக்குச் சரி," என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "ஆதிரைக்கும் அவளின்ர அப்பாவுக்கும் இப்ப சொல்லாதேங்கோ. ஆவணியில கலியாணம். பிராங்பேர்ட் மாப்பிள்ளை வீட்டுக்காரர் நல்ல ஆக்கள்தான், எண்டாலும் பிள்ளைக்கும் வரும் எண்டு கேள்விப்பட்டா என்ன நினைப்பினமோ. கலியாணம் முடியட்டும்."

"மலர், டாக்டர் இந்த மாதமே எண்டவ."

"மூண்டு மாதத்தில என்ன வரப்போகுது? நீங்கள் வெளியில கதைக்க ஏலாதுதானே, சத்தியம் பண்ணிக் குடுத்தனீங்களெல்லே?"

மடக்கிவிட்டாள். நான் மடங்கத் தயாராக இருந்தேன் என்பதுதான் இன்னும் கேவலம். உன் பிள்ளையை விட இந்தக் கலியாணம் பெரிதா என்று அந்தத் தரிப்பிடத்திலேயே கத்தியிருக்க வேண்டும். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

ஆவணியில் கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. மாப்பிள்ளை கவிஷன் கண்ணுக்குக் குளிர்ச்சியான பிள்ளை. சிவமலர் விக் வைத்து, அதற்கு மேல் மல்லிகை வைத்து, வந்தவர்களையெல்லாம் சாப்பிடச் சொல்லி விரட்டினாள். அவளுடைய இலையில் சோறு தொடாதபடியே இருந்தது. ஆதிரை மணவறையில் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் திருப்பிச் சிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒரு காப்புறுதி நிறுவனத்தில், யாருக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்குப் பார்க்கிற வேலை.

கல்யாணம் முடிந்தது. "குடிபுகட்டும்," என்றாள் சிவமலர். குடிபுகுந்தார்கள். "முதல் தீபாவளி வரட்டும்," என்றாள். ஐப்பசி பிறந்த கையோடு ஆதிரை எனக்குப் போன் எடுத்தாள்.

"அன்ரி, வெள்ளிக்கிழமை டோர்ட்மண்டில என்ர பழைய டாக்டரைச் சந்திக்க எனக்கு ஒரு ரேர்மின் இருக்கு. என்னோட வாறீங்களோ?"

"ஏன் பிள்ளை, உனக்கு டொய்ச் மறந்துபோச்சோ?"

அவள் சிரிக்கவில்லை. "தனியப் போகப் பயமா இருக்கு. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

மகப்பேற்று டாக்டரின் காத்திருப்பு அறை. சுவரில் குழந்தைப் படங்கள். ஆதிரை மடியில் அட்டையை வைத்துப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தேன். அம்மா: மார்பகம், நாற்பத்து மூன்று. சூலகம், ஐம்பத்தொன்பது. அடுத்த வரி, தாய்வழிப் பாட்டி. அவள் யோசிக்கவே இல்லை. 'போரில் இறந்தார், 1984' என்று எழுதினாள். அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

நான் சத்தியம் செய்துகொடுத்த அந்த நாளும், நீதிபதியும், என் முத்திரையும் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தன. நாசமாய்ப் போகட்டும் என்று நினைத்தேன்.

"அது பிழை பிள்ளை," என்றேன்.

"எது?"

"அம்மம்மா. ஷெல் விழேல்லை. அவவுக்கும் சூலகத்திலதான். எண்பத்து மூண்டில, நாற்பத்து மூண்டு வயசில. ஷெல் நான் எழுதினது. அம்மாவின்ர கேஸுக்கு."

முதலிலிருந்து சொன்னேன். விமானம், முகாம், இரண்டாயிரத்து எட்டு, மரபணு, கேள்விக்குறி போட்ட அவளுடைய வட்டம். சொல்லச் சொல்ல அவள் பேனையின் மூடியைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள். எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண் சஞ்சிகை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"நான் பள்ளிக்கூடத்தில பேசினனே," என்றாள் ஆதிரை. "அந்தப் பேச்சு."

"ஓம்."

"ஒவ்வொரு வருசமும் விளக்குக் கொளுத்தினனே."

"ஓம் பிள்ளை."

பிறகு, கணக்குப் பார்க்கிற பிள்ளை அல்லவா, நேரே கேட்டாள். "அம்மாவின்ர சோதனை மறுமொழி எப்ப வந்தது?"

"வைகாசியில."

விரலை மடக்கி எண்ணினாள். மே, யூன், யூலி, ஓகஸ்ற், செப்ரெம்பர். என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கும் மேயிலதான் அன்ரி குளிக்கேக்க மார்பில ஒரு கட்டி கையில தட்டுப்பட்டது," என்றாள். "அம்மாவுக்குக் கீமோ நடக்குது. கலியாணத்துக்கு மண்டபமும் எடுத்தாச்சு. வேற ஒருத்தருக்கும் எங்கட குடும்பத்தில வரேல்லைத்தானே, எனக்கு இந்த வயசில ஒண்டும் இராது எண்டு நானே கணக்குப் போட்டுப் பாத்தனான். கலியாணம் முடியட்டும் எண்டு இருந்திட்டன்."

உள்ளேயிருந்து அவளுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் படிவத்தில் 'போரில்' என்ற சொல்லை ஒரு கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, எழுந்து போனாள். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை.

ஊசி போட்டுச் சதைத்துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எட்டு நாள். அந்த எட்டு நாளும் சிவமலர் தினமும் போன் எடுத்து, தீபாவளிக்குப் பிள்ளைக்கு என்ன சேலை எடுப்போம் என்று கேட்டாள். நான் நீலம் என்றேன், பச்சை என்றேன். ஒன்பதாம் நாள் ஆதிரை டாக்டரின் வாசலால் வெளியே வந்து, "ஓம், அதுதான்," என்று மட்டும் சொன்னாள். இரண்டரை சென்ரிமீற்றர். மரபணுவுக்கும் இரத்தம் எடுத்தாயிற்று. மே மாதத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று அவள் கேட்டாளாம். டாக்டர் அடுத்த சோதனைக்கான திகதியை எழுதிக் கொடுத்தாராம்.

இரண்டு பேருமாகச் சிவமலரின் வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடி. இரண்டாவது மாடிப் படியில் ஆதிரை நின்றாள்.

"அம்மாவுக்கு அடுத்த மாதம் ஸ்கான் இருக்கு. இப்ப சொல்ல வேண்டாம் அன்ரி. ஸ்கான் முடியட்டும். நான் சும்மா வந்தனான் எண்டு சொல்லுவம்."

தாயின் அதே குரல். அதே 'முடியட்டும்'.

"ஏலாது பிள்ளை," என்றேன்.

"அன்ரி, ப்ளீஸ்."

"ஏலாது. நாற்பது வருசமா மற்றாக்கள் சொல்லச் சொன்னதைத்தான் சொன்னனான். இனி ஏலாது. நீ சொல்லாட்டில் நான் சொல்லுவன்."

என்னை முறைத்துப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். முன்னுக்கு ஏறினாள். மணியை அவளே அடித்தாள்.

சிவமலர் கதவைத் திறந்தாள். புதிதாக முளைத்த மயிர் குட்டையாக, நரையாக இருந்தது. கையில் அரைக் கோப்பைத் தேத்தண்ணி. அவளுக்குப் பின்னால் சுவரில், மாலை போட்டபடி, அவளுடைய அம்மாவின் படம். என்ன வசனத்தில் தொடங்குவது என்று படி முழுக்கக் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். தமிழிலும் வரவில்லை, டொய்ச்சிலும் வரவில்லை.

சிவமலர் மகளின் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். திரும்பவும் மகளைப் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. ஏன் இரண்டு பேருமாக வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை.

"எந்தப் பக்கம் பிள்ளை?" என்று கேட்டாள்.

"இடது," என்றாள் ஆதிரை.